ஓடையில் கொட்டாதீர்கள், சரிவில் அடுக்குங்கள்

கண்டியில் வீடு கட்டுவதென்றால் முதல் வேலை மலையை வெட்டுவதுதான். அம்பிட்டிய, ஹந்தானை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கெலிஓயா என்று எங்கே காணி வாங்கினாலும் சமதரை கிடைப்பது அருமை. பெக்கோ வந்து சரிவைக் குடைந்து வீட்டுக்கு இடம் பண்ணும். வெட்டிய மண்ணோடு கருங்கல் பாளங்களும் வெளியே வரும். காணியில் பழைய வீடு ஒன்று இருந்திருந்தால் அதை இடித்த அத்திவாரக் கல், செங்கல், ஓடு, கொங்கிரீட் துண்டு எல்லாம் அதே குவியலில் சேரும். வீட்டுக்காரர் அதைக் குப்பையாகத்தான் பார்க்கிறார். காசு கொடுத்து டிப்பரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். வீடு எழும்பிய பிறகு பின்பக்க மண் சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் வேண்டும், முற்றத்துக்குக் கல் பதிக்க வேண்டும், வீதியிலிருந்து வாசலுக்குப் படி வேண்டும். அப்போது இன்னொரு டிப்பர் வருகிறது, விலைக்கு வாங்கிய கல்லோடு.

முதல் டிப்பர் ஏற்றிப்போனது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆள் நடமாட்டமில்லாத வளைவு, பள்ளமான காணி, ஓடைக்கரை என்று எங்கே வசதியோ அங்கே அது இறங்குகிறது. கண்டி வாவியின் மிகைநீரை நகருக்கு நடுவாக மகாவலிக்குக் கொண்டுபோகும் மெத எல என்ற கால்வாயின் கரையோரமாக ஒருமுறை நடந்து பார்த்தால், மலைநகரத்தின் ஓடைகள் எவ்வளவு சுமக்கின்றன என்று புரியும். ஓடையில் விழுந்த இடிபாடு கரைந்துபோகாது. அடுத்த பெருமழையில் வரும் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடையின் அடி உயரும், தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் ஏறும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இந்த மலைகளில் நடந்ததை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கண்டி மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மகாவலி கம்பளை நகருக்குள் புகுந்தது. மண்சரிவுகள் வீடுகளை ஆட்களோடு மூடின. அந்தப் பேரழிவுக்கு வீட்டு இடிபாடு காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவு மழையை எந்தச் சுவரும் முழுதாகத் தடுத்திருக்காது. ஆனால் புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்து வளவுகளில் கல்லும் உடைந்த சுவரும் மண்ணும் குவிந்தன. மீளக் கட்டுவதும் அதோடு தொடங்கிவிட்டது. கட்டும் வேலை அதிகரிக்க அதிகரிக்க இடிபாடும் அதிகரிக்கும். அதை மறுபடியும் ஓடையில் கொட்டப் போகிறோமா, வளவிலேயே வைத்து வேலை வாங்கப் போகிறோமா என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: வளவில் கிடைத்த கல் வளவை விட்டுப் போகக் கூடாது. அதற்கு முதலில் கொடுக்க வேண்டிய வேலை மண்ணைப் பிடிப்பதும் தண்ணீருக்கு வழிகாட்டுவதும். அழகு அதற்குப் பிறகு தானாக வரும்.

இந்த நாட்டில் மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 1996இல் அது திருத்தப்பட்டது. அதைக் கவனிக்கும் விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வள முகாமைத்துவ நிலையம் நம் பேராதனையில்தான் இருக்கிறது. சரிவான நிலத்தில் மண்ணைக் காக்கக் கல்லணை கட்டுவதும், கிளிரிசீடியா வேலி வைப்பதும், சமவுயரக் கான் வெட்டுவதும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. கண்டிய வீட்டுத்தோட்டம் என்று உலகெங்கும் ஆய்வாளர்கள் எழுதுகிறார்களே, பலாவும் கித்துளும் கமுகும் கராம்பும் மிளகும் அடுக்கடுக்காக நிற்கும் அந்த வளவுகள், அவற்றின் பழைய சரிவுகளில் கல்லை வரிசையாக வைத்து மண்ணைத் தடுத்த அடையாளம் இன்றும் தெரிகிறது. மரம் மட்டும் அந்தத் தோட்டங்களைக் காத்துவிடவில்லை.

கல்லைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு, அது நம்முடைய கதை. 1823இல் கம்பளைக்கு அருகே சின்னாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்ட காலத்திலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர்கள் இந்த மலைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 1867இல் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். காட்டை வெட்டி, புல் பூண்டு இல்லாமல் சுரண்டிப் பயிர் வைத்த சரிவில் மழை மண்ணை அள்ளிக்கொண்டு போனது. அதைத் தடுக்கத் தோட்டங்களில் கான் வெட்டினார்கள், மலையில் பொறுக்கிய கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டினார்கள். இன்றும் தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் ஏறினால், செடிகளுக்கு நடுவே பாசி படர்ந்து நிற்கும் அந்தக் கற்கட்டுகளைக் காணலாம். ஒரு துளி சீமெந்து இல்லை. எத்தனையோ பருவமழைகளைப் பார்த்தும் நிற்கின்றன.

சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை யுனெஸ்கோ 2018இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியா, சைப்பிரஸ், பிரான்ஸ், கிரேக்கம், இத்தாலி, சுலோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்துப் பெற்றன. அவர்களுக்குக் கிடைத்த பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே கலையை இந்த மலைகளில் கூலிக்குச் செய்த நம் பாட்டன்மாரின் கற்கட்டை, நான் அறிந்தவரை, யாரும் அளந்ததில்லை, படம் எடுத்து ஆவணப்படுத்தியதில்லை. 2023இல் மலையகம் 200 என்று நாடெங்கும் நினைவுகூர்ந்தோம். கொழுந்துக் கூடை ஏறிய மேடைகளில் அலவாங்குக்கும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கை இன்னும் முழுதாக அற்றுப்போகவில்லை. ஹந்தானைச் சரிவில் ஒரு வீட்டில் பின்பக்க மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். முன்பிருந்த குசினியை இடித்த கல் ஒரு மூலையில் குவிந்திருந்தது. வந்தவர் கல்லைத் தொடவே இல்லை. மேலே ஏறி, வெட்டிய விளிம்புக்கு ஐந்தாறு அடி பின்னால், மண்வெட்டியால் குறுக்கே ஒரு கான் இழுத்தார். அது காணியின் ஓரத்தில் இருந்த பாறைப் பக்கமாகச் சாய்ந்து போனது. வீட்டுக்கார இளைஞர் பொறுமையில்லாமல் கேட்டார்: "ஐயா, சுவர இன்னும் தொடங்கலையா?" பெரியவர் நிமிராமல் சொன்னார்: "மொதல்ல தண்ணிக்கு வழி காட்டணும் தம்பி. கல்லு பொறகு."

அவர் சொன்னதில் இந்தத் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது. மலைநாட்டில் தடுப்புச் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண்ணின் கனத்தைவிடத் தண்ணீரின் கனம்தான். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு தொன் அழுத்தம் சேரும். சீமெந்து பூசி, துளை விடாமல், வெளியே வெள்ளையடித்துக் கட்டிய மதில் பார்க்கப் பலமாக இருக்கும். பின்னால் நீர் ஏறுவது வெளியே தெரியாது. ஒரு கார்த்திகை மழையில் வயிறு தள்ளும், அடுத்த மழையில் விழும். சாந்தில்லாத கல்லடுக்கு நீரைப் பிடித்து வைப்பதில்லை. ஒவ்வொரு இடுக்கும் ஒரு துளை. மண் சற்று அசைந்தால் கல்லும் சற்று அசைந்து உட்காரும், வெடித்துப் பிளக்காது. எங்காவது சரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் பிரித்து அதே கல்லால் மறுபடி அடுக்கலாம்.

கட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பிழை விட்டால் கல் காலில் விழும். முதலில் மேல்மண்ணை வழித்து எடுத்து, இறுகிய மண் தட்டும்வரை ஓர் அடி ஆழத்துக்காவது வாய்க்கால் தோண்ட வேண்டும். வாய்க்காலின் அடி, சரிவுப் பக்கமாக உள்நோக்கிச் சற்றே சாய வேண்டும். இருப்பதிலேயே பெரிய கல் அடியில் போகும். கல்லின் நீள்பக்கம் மண்ணுக்குள் போக வேண்டும், குட்டைப் பக்கம்தான் வெளியே தெரிய வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, அகலமான முகத்தை வெளியே காட்டி ஒட்டுப்போட்டது போல் வைப்பார்கள். அது நிற்காது. ஒரு கல்லின் மேல் இரண்டு, இரண்டின் மேல் ஒன்று என்று மூட்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்று வராமல் அடுக்க வேண்டும். மூன்று நான்கு அடிக்கு ஒரு நீளக் கல்லைச் சுவரின் முழுத் தடிப்பையும் தாண்டி மண்ணுக்குள் செலுத்த வேண்டும். உயரம் ஏற ஏற, ஓர் அடிக்கு இரண்டு அங்குலம் வீதம் சுவர் மலைப்பக்கம் சாய வேண்டும். மூன்று அடிச் சுவருக்கு அடித்தடிப்பு ஒன்றரை அடியாவது இருக்கட்டும்.

சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு மண்ணைப் போடக் கூடாது. உடைந்த செங்கல், ஓட்டுத் துண்டு, சிறு கல் ஆகியவைதான் அங்கே போக வேண்டும். இடிபாட்டுக் குவியலில் எதற்கும் உதவாது என்று நினைக்கும் அந்தச் சிறு துண்டுகள்தான் தண்ணீரை அடிவரை இறக்கி வெளியே விடுகின்றன. நம் பகுதியின் செங்கலில் நன்றாகச் சுடாதது மழையில் கரைந்து மாவாகிவிடும். அதை மட்டும் தட்டிப் பார்த்து ஒதுக்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் வேண்டாம். கடைசியில் சுவரின் தலையில் களிமண் கலந்த மண்ணை ஒரு சாண் தடிப்புக்கு இறுக்கி, புல்லோ வெட்டிவேரோ வைத்தால் மேல்நீர் பின்னால் இறங்காது.

கண்டியைச் சுற்றியிருக்கும் கருங்கல் பெரும்பாலும் நைஸ் வகை. வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக இருக்கும். அந்த வரியோடு உளி வைத்துத் தட்டினால் தட்டையாகப் பிளக்கும். அடுக்குவதற்கு இதைவிட வசதியான கல் கிடைப்பது கடினம். பழைய சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரை உடைத்தால் கல்லும் செங்கல்லும் சுத்தமாகப் பிரிந்து வரும். சீமெந்துச் சாந்தில் கட்டியது முரடாக ஒட்டிக்கொண்டு வரும். அதையும் பாளமாகவே வைத்துக் கட்டலாம். உடைந்த கொங்கிரீட் தரை மூன்று நான்கு அங்குலத் தடிப்பில் தட்டையாக வருவதால், புதிதாகப் பழகுகிறவருக்குக் கருங்கல்லைவிட அதுவே இலகு. கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிட வேண்டும். கொங்கிரீட்டிலிருந்து மெல்ல மெல்லச் சுண்ணாம்பு இறங்கும். நம் ஈரவலய மண் இயல்பாகவே அமிலத்தன்மை உள்ளது என்பதால் கறிவேப்பிலைக்கோ மிளகாய்க்கோ அதனால் கேடு இல்லை. அந்தூரியத்தையும் பன்னத்தையும் தேயிலையையும் மட்டும் தள்ளி வையுங்கள்.

ஒரு சிறு வீட்டை இடித்தால் எவ்வளவு கல் வரும்? அத்திவாரத்தின் மொத்த நீளம் 150 அடி, ஆழம் 2 அடி, அகலம் ஒன்றரை அடி என்று வைத்துக்கொண்டால் 450 கன அடி. டிப்பர்க்காரர் கணக்கில் நாலரை கியூப். இரண்டரை அடி உயரமும் சராசரி ஒன்றரை அடித் தடிப்பும் உள்ள கல்லடுக்குக்கு ஓர் அடி நீளத்துக்கு நான்கு கன அடிக்கும் குறைவாகத்தான் கல் வேண்டும். கழிவெல்லாம் போனாலும் நூறு அடி நீளச் சுவருக்குப் போதும். பத்துப் பேர்ச் காணியின் கீழ் விளிம்பில் போட்டுவிட்டு, நடுவில் இன்னொரு அடுக்கும் கட்டலாம். 2021இல் ஆயிரம் ரூபாவளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022 நெருக்கடியில் மூவாயிரத்தை நெருங்கியதை நாம் பார்த்தோம். கல்லடுக்குக்கு ஒரு மூடையும் தேவையில்லை. தேவைப்படுவது ஆள்கூலி. கைதேர்ந்தவரும் ஒரு நாளில் ஒன்றிரண்டு சதுர மீட்டருக்கு மேல் கட்டமாட்டார், அதற்கு மேல் அவசரப்படுத்தவும் கூடாது. காசு குவாரிக்கும் தொழிற்சாலைக்கும் போகாமல் தெல்தோட்டையிலோ கலஹாவிலோ இருக்கும் ஒரு மேசன் பாஸின் கைக்குப் போகும். எனக்கு அது செலவாகத் தெரியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை யாரும் தவறவிடக் கூடாது. நான் சொல்வது மூன்றடிக்கு உட்பட்ட தோட்டச் சுவர். வீட்டின் பின்னால் பத்தடி பதினைந்தடிக்கு நிமிர்ந்து நிற்கும் வெட்டுமுகத்தை இது காக்காது. அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆலோசனையும் பொறியியலாளரின் வரைபடமும் வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதிகளில் கட்டுவதற்கு முன் அந்த நிறுவகத்தின் அனுமதி கேட்பது சும்மா ஒரு கடதாசி வேலை இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் அந்த மக்களுக்குப் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை. அப்படிப்பட்ட மலையில் கல்லடுக்கு ஒரு பதில் ஆகாது, மாற்றுக் காணிதான் பதில். அதேபோல, சமதரையான குண்டசாலைப் பக்கம் மழைநீரை மண்ணுக்குள் இறக்க இடிபாட்டை நிரப்பி ஊறுகுழி வெட்டுவது நல்ல வேலை. செங்குத்தான சரிவின் தலையில் அதையே வெட்டினால் மலைக்குள் தண்ணீரை நாமே ஏற்றுகிறோம். அங்கே கான் வழியாக வெளியே விடுவதுதான் சரி.

கனத்தை எங்கே ஏற்றுவது என்பதைக் கண்டியின் பழைய ஸ்தபதிகள் அறிந்திருந்தார்கள். கம்பளை அரச காலத்தில், 1344இல், தென்னிந்தியச் சிற்பி கணேஸ்வராச்சாரி கட்டிய கடலாதெனிய விகாரை வெறும் பாறையின் மேல் நிற்கிறது. அதே காலத்து லங்காதிலக்க விகாரையும் பாறை மேல்தான். அங்கே பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் உண்டு. கனமான கல்லை மண்ணாலான சரிவில் ஏற்றாமல் பாறை தேடிப்போய் வைத்தவர்கள் அவர்கள். நம் வளவிலும் முதலில் பார்க்க வேண்டியது எது பாறை, எது நிரப்பிய மண் என்பதைத்தான். நேற்று பெக்கோ கொட்டிய மண்ணின் மேல் கல் அடுக்காதீர்கள்.

சுவர் போக மிஞ்சும் கல்லுக்கும் வேலை நிறைய. கண்டி வீடுகளுக்குப் படிதான் வாசல். வீதியிலிருந்து இருபது படி ஏறிப் போகும் வீடுகள் ஏராளம். உடைந்த கொங்கிரீட் பாளத்தை ஆறங்குல உயரம், ஓரடிக்கு மேல் அகலம் என்று பதித்தால் வயதானவருக்கும் ஏற இலகுவான படியாகும். பாளத்தின் சொரசொரப்பான பக்கம் மேலே வரட்டும், மழையில் வழுக்காது. நடைபாதையில் பாளங்களுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டால் புல் முளைக்கும், நீர் இறங்கும். முற்றம் முழுக்க சீமெந்து போட்டு, அதன் தண்ணீரையெல்லாம் கீழ்வீட்டுக்காரர் தலையில் விடும் வழக்கத்துக்கு இதைவிட மலிவான மாற்று இல்லை. உடைந்த ஓடும் செங்கல் துண்டும் அந்தூரியத்துக்கும் ஓர்க்கிட்டுக்கும் நல்ல படுக்கை. இந்தப் பக்கத்துப் பூ வளர்ப்பவர்கள் வெகுகாலமாகப் பாவித்து வருகிறார்கள். பீலிக்கரையில் தண்ணீர் விழுந்து குழி பறிக்கும் இடத்தில் பெரிய கல் இரண்டைப் பதித்தால் துவைக்கவும் ஆகும், மண்ணும் அரிக்காது. அந்த ஈரத்தில் வல்லாரை தானே படரும். மிக்ஸி வந்த பிறகு பின்கதவுக்கு வெளியே கவிழ்ந்து கிடக்கும் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தால், அவற்றை உடைத்து அத்திவாரத்தில் போடாதீர்கள். படியின் தலைப்பில் முழுதாக வையுங்கள். ஆட்டுக்கல்லின் குழியில் மட்டும் மண்ணை நிரப்பி ஏதாவது செடி வைத்துவிடுங்கள்.

இதை டெங்குக்காகச் சொல்கிறேன். 2017இல் இந்த நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஒழுங்கில்லாமல் கிடக்கும் இடிபாட்டுக் குவியலில் கவிழாத ஓடும் உடைந்த கொமட்டும் நுளம்புக்குத் தொட்டிலாகும். குவியலை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பாம்பும் வரும். சிங்களத்தில் குனகட்டுவா என்று சொல்லும் சிறு விரியன் சருகிலும் கல்லிடுக்கிலும் ஒதுங்கும். இலங்கையில் மிக அதிகமாகக் கடிக்கும் நச்சுப்பாம்பு அதுதான். ஆகவே கல்லைப் புரட்டும்போது வெறுங்கை வேண்டாம், அலவாங்கால் முதலில் அசைத்துப் பாருங்கள். இடுக்குகளைச் சிறு கல்லால் இறுக்கி அடுக்கிய சுவரில் அரணையும் தேரையும் குடியிருக்கும், அவை இருப்பது தோட்டத்துக்கு நல்லது.

இடிபாட்டில் எதையெல்லாம் தொடக் கூடாது என்பதும் முக்கியம். முதலாவது அஸ்பெஸ்டோஸ் கூரைத்தகடு. நீல அஸ்பெஸ்டோஸ் இங்கே 1987இலேயே தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியையும் படிப்படியாக நிறுத்த அரசு திட்டமிட்டது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டோஸை விற்கும் ரஷ்யா நம் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டதும் அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது. தேயிலையை விற்க நுரையீரலை விலைபேசிய அந்த முடிவு தவறு என்பதே என் எண்ணம். எப்படியிருந்தாலும் நம் கூரைகளில் அது இருக்கிறது. அந்தத் துண்டைப் பாத்திக்கு விளிம்பாக நடுவதையும், உடைத்துச் சுவருக்குப் பின்னால் நிரப்புவதையும் பல இடங்களில் காண்கிறேன். உடைக்கும்போது எழும் தூசு ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. நனைத்து, உடைக்காமல், முழுதாகப் பொதிந்து ஒதுக்குங்கள்.

இரண்டாவது, பழம்பொருள். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருட்களாக 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது. கண்டிப் பகுதியில் அத்திவாரம் தோண்டும்போது செதுக்கிய கல்லோ தூண் அடியோ வருவது அதிசயமில்லை. அழகாக இருக்கிறது என்று தோட்டத்தில் நட்டுவிடாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். விகாரை, தேவாலய வளவுகளில் கிடக்கும் கல்லைத் தூக்கி வருவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மகாவலியில் பொறுக்கிய கூழாங்கல்லைப் பையில் போட்டு விற்பதையும் வாங்காதீர்கள். அந்தக் கல்லுக்கு ஆற்றில் வேலை இருக்கிறது.

தனி மனிதர் செய்யக்கூடியது இவ்வளவு. மிச்சம் பொதுவேலை. அதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு: சண்டிகார் நகரத்தைக் கட்டப் பல கிராமங்களை இடித்தார்கள். பிரிவினையில் அகதியாக வந்து அங்கே வீதிப் பரிசோதகராக இருந்த நேக் சந்த், அந்த இடிபாட்டை 1957 முதல் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் சேர்த்துச் சுவரும் சிலையும் அருவியுமாகக் கட்டினார். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டியது என்று தெரியவந்தபோது அதிகாரிகள் இடித்திருக்கலாம். இடிக்கவில்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்தார்கள், நகரில் உடைந்த பொருட்களைச் சேகரிக்க நிலையங்களும் வைத்தார்கள். சிலைகளைவிட எனக்கு அந்த நிலையங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டிலேயே காலியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு கட்டட இடிபாட்டைத் தரம்பிரித்து மீளப் பாவிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. கடலோர நகரம் ஒன்றுக்கு முடிந்தது மலைநகரத்துக்கும் முடியும்.

கண்டி மாநகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் ஆளுக்கொரு கல் முற்றம் ஒதுக்க வேண்டும். இடிப்பவர் கல்லையும் செங்கல்லையும் ஓட்டையும் பிரித்துக் கொண்டுவந்து இறக்கட்டும். தேவைப்படுபவர் ஏற்றுக்கூலியோடு எடுத்துப்போகட்டும். வீடு இடிக்கவும் கட்டவும் அனுமதி கொடுக்கும் விண்ணப்பத்திலேயே, இடிபாடு எங்கே போகும் என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகமும் விவசாயத் திணைக்களமும் சேர்ந்து, எந்தச் சரிவில் எவ்வளவு உயரத்துக்குக் கல்லடுக்கு போடலாம், எங்கே போடக் கூடாது என்று படத்தோடு ஒரு சிறு கையேட்டைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும். தமிழ்ப் பிரதி ஆறு மாதம் பிந்தி வருவதில் பயனில்லை. அலவாங்கு பிடித்த பெரியவர்கள் இருக்கும்போதே, தொழிற்பயிற்சி நிலையங்கள் அவர்களை ஆசிரியர்களாக அழைத்து இளைஞர்களுக்கு இந்தக் கைவேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு உரிய சம்பளத்தோடு.

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். வளவில் இடிபாட்டுக் குவியல் வைத்திருப்பவர்கள் அதற்கு முன் கானை வெட்டி, முதல் வரிசைக் கல்லைப் பதித்துவிடுங்கள். காணியில் புதிய வெடிப்போ, சாயும் மரமோ, திடீரென்று கலங்கி வரும் ஊற்றோ கண்டால் கல்லை விட்டுவிட்டு, வீட்டில் உள்ளவர்களை அழைத்துக்கொண்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.